மசக்கை என்று நான் சொன்ன வலி

மேற்குத் தாம்பரம்
23-8-1971

கர்த்தருக்குள் என் அன்பான மகன் தயாளனுக்கு அம்மா எழுதுவது. பியூலா உயிரோடு இருக்கிறாள், ஆபத்து தாண்டிவிட்டது என்று பெரிய டாக்டர் நேற்றும் சொன்னார், இதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொள், மீதியை உட்கார்ந்து படி. பிலாயில் இரும்பு உலை வெக்கையில் வேலை செய்கிறவன், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் கை கூசுகிறது. எப்போதும் பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரி மாமியிடம் சொல்லி எழுத வைப்பேன், இதை அப்படி எழுத வைக்க முடியாது, நாலாம் வகுப்போடு நின்ற என் கோணல் எழுத்திலேயே எழுதுகிறேன், புரியாத இடத்தை இரண்டு தரம் படித்துக்கொள்.

பியூலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று மட்டும் அடித்த தந்திக்கு உன் பதில் தந்தி வந்தது. மாமி வீட்டுக்காரர் சாம்பசிவன் சார்தான் வாங்கிப் படித்துச் சொன்னார். பியூலா எப்படி, குழந்தைக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் அவர் தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பதில் தந்தி கொடுக்கட்டுமா என்று மறுபடி வந்து கேட்டார், வேண்டாம் சார் நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்னபடி எழுதாமல் நாளைக் கடத்திவிட்டேன். ராசா, குழந்தை இல்லை. கலைந்தும் போகவில்லை. இருந்ததே இல்லை. மருமகளுக்கு விசேஷம், அப்பா திரும்பி வருகிறார் என்று உனக்குக் கொட்டை எழுத்தில் எழுத வைத்தேனே, அது முழுக்க என் வாய் கட்டின கதை. அவள் வயிற்றில் வேறு ஒன்று பழுத்துக்கொண்டிருந்தது, அதற்கு நான் மசக்கை என்று பேர் வைத்தேன், பேர் வைத்து ஊரெல்லாம் சொன்னேன், அவள் செத்துப்போக இருந்தாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ ஜூலையில் லீவுக்கு வந்து போனபிறகு அவளுக்கு நாள் கொஞ்சம் தள்ளிப்போயிருந்தது. அவள் சொல்லவில்லை, துணி காய்கிற கொடியைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன், தெரிந்துகொண்டு கன்னத்துக்குள் கல்கண்டு ஒதுக்கின மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்பா போன ஜனவரியிலிருந்து இந்த வீடு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அவர் சைக்கிளை நீ துடைத்து நிறுத்திவிட்டுப் போனாய், அப்படியே நிற்கிறது, எடுத்து விற்கவும் மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை. அவர் இருந்தவரைக்கும் அவர் பேரை நான் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னதில்லை, அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். பேரனாகப் பிறந்து அதே பேரை வைத்துவிட்டால் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் லாசரஸ் லாசரஸ் என்று கத்திக் கூப்பிடலாம், அதட்டலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். இந்தப் பைத்தியம் பிடித்துத்தான் எனக்குக் கண் தெரியாமல் போனது. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்தது இப்படித்தான் என்று சொல்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலையில் தோசைக்கல் முன்னால் நின்றவள் அப்படியே குந்திவிட்டாள். தொப்புளைச் சுற்றிப் பிசைகிற மாதிரி வலிக்கிறது அத்தை என்றாள். ஒரு தோசை கூட வேண்டாம் என்றாள், காப்பியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பினாள். மத்தியானத்துக்கு மேல் வாந்தி எடுத்தாள். வலி வந்து எவ்வளவோ நேரம் கழித்துத்தான் வாந்தி வந்தது, அந்த வரிசை முக்கியம் என்று பின்னால்தான் எனக்குச் சொன்னார்கள், எனக்கு வாந்தி ஒன்றுதான் தெரிந்தது, வலி தெரியவில்லை. கிணற்றடியில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தயாளா. அவள் வாயைக் கழுவிவிட்டு நிமிர்ந்து ஏன் அத்தை சிரிக்கிறீங்க என்று கேட்டாள். எல்லாம் நல்ல சிரிப்புத்தான் போ என்றேன். அன்றைக்கே மாமியைக் கூப்பிட்டு உனக்குக் கடிதம் எழுத வைத்தேன். எழுதி முடித்துவிட்டு மாமி பேனாவை மூடாமல், ஏன் தபீதா அம்மா, எனக்கு நாலு ஆச்சு, மசக்கையில் வாந்திதான் வரும், இப்படிச் சுருண்டுக்கற வலி வந்ததில்லையே, டாக்டரைப் பார்த்துட்டு எழுதலாமே என்றாள். உங்களுக்கென்ன மாமி, தயிர்சாதம் கண்ட வயிறு, எங்கள் வீட்டு வயிறு வேறே, முதல் பிள்ளை என்றால் அப்படித்தான் உருட்டும் என்று நான் சொன்னேன். அதுக்கு அவள் சிரித்துக்கொண்டே, பிறக்கறச்சே காரசாரமாப் பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போது அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் ஒரு சின்னக் கீறலோடு போயிருக்கும்.

மறுநாள் வலி தொப்புளை விட்டு வலது பக்கம் அடிவயிற்றில் இறங்கி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. இங்கேதான் அத்தை, விரல் வைத்தால் உயிர் போகிறது என்று இடுப்பெலும்புக்கும் தொப்புளுக்கும் நடுவில் காட்டினாள். வலது காலை நீட்ட முடியாமல் முழங்காலை மடக்கிக்கொண்டே படுத்தாள், எழுந்து நடந்தால் பெரிய கிழவி மாதிரி ஒரு பக்கம் கூனிக்கொண்டு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்தாள், இருமல் வந்தால் இருமாமல் விழுங்கினாள். உடம்பு லேசாகச் சுட்டது. டாக்டரிடம் போகலாமா என்று அவளாகவே கேட்டாள். மூன்று மாதம் வரைக்கும் மாத்திரை வாயில் படக்கூடாது, வண்டி ஏறக்கூடாது என்று நான் சட்டம் பேசினேன். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து சூடாக ஒத்தடம் கொடுத்தேன். இரண்டு உயிர் என்று சொல்லிச் சொல்லிக் கஞ்சியை வாயில் ஊற்றினேன், அவள் கக்கினாள், நான் மறுபடி ஊற்றினேன். அவள் மெதுவாக, அத்தை எனக்கு அது இல்லையோ என்று தோணுது, இது வேறே மாதிரி இருக்கு என்றாள். நேற்றுக் கல்யாணம் ஆனவள் எனக்குப் பாடம் சொல்கிறாயா, நான் மூன்று பெற்று ஒன்றை வளர்த்தவள், வாயை மூடிக்கொண்டு படு என்றேன். அவள் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வலிக்கிறது என்று வாயால் சொன்னதே இல்லை. அன்று சாயங்காலம்தான் நான் போதகரிடம் போய் மருமகள் கர்ப்பவதியானதற்காக என்று சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்திரீகள் ஜெபக்கூட்டம் நம் வீட்டு முறை. ஒத்திப் போட்டிருக்கலாம், போடவில்லை, எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பாயை விரித்து எல்லாரும் உட்கார்ந்ததும் நான் விஷயத்தைச் சொன்னேன், ஒருத்தி அட போடி கள்ளி என்று பியூலாவின் கன்னத்தைக் கிள்ளினாள், இன்னொருத்தி பையன்தான், மூக்கு வீங்கியிருக்கு பார் என்றாள். அவளுக்கு மூக்கு வீங்கவில்லை, முகம் காய்ந்து கண் உள்ளே போயிருந்தது. சாராள் அக்காவை உனக்குத் தெரியும், கூட்டத்துக்குப் பெரியவள், அவள் பியூலாவைப் பக்கத்தில் படுக்க வைத்து வயிற்றின்மேல் கை வைத்துக் கர்ப்பத்தை ஆசீர்வதியும் என்று நீட்டி ஜெபம் பண்ணினாள். ஜெபத்தில் அவள் கை அழுந்தத்தான் செய்யும். பியூலா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆமென் என்று சொல்லிச் சாராள் அக்கா கையைச் சடாரென்று எடுத்தாள் பார், அப்போதுதான் பியூலா ஐயோ அம்மா என்று வீடு அதிரக் கத்திவிட்டாள். அழுத்தும்போது கத்தாதவள், எடுக்கும்போது கத்தினாள். எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாராள் அக்கா கையைப் பார்த்துக்கொண்டு, நான் மெதுவாத்தான் வெச்சேன் தபீதா என்றாள். கூட்டம் கலைந்ததும் நான் பியூலாவைத்தான் திட்டினேன். பெரியவர்கள் கை வைத்து ஜெபம் பண்ணும்போது பேய் பிடித்தவள் மாதிரி கத்துகிறாயே, என் மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். அதை நான் சொன்னேன் தயாளா, இந்த வாயால் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வலி சட்டென்று விட்டுவிட்டது. இப்போ பரவாயில்லை அத்தை என்று அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் முழங்காலில் நின்றேன். உள்ளே அது உடைந்ததால்தான் வலி விட்டது, உடைந்து சீழ் வயிறெல்லாம் பரவுகிற நேரம் அது, வலி திடீரென்று நின்றால்தான் அதிகமாகப் பயப்பட வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமை விடிகிறபோது அவளுக்குக் குளிர் தூக்கிப் போட்டது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது, தொட விடவில்லை, மூச்சு மேல்மூச்சாக வாங்கினாள், நாக்கு காய்ந்து வெள்ளை படிந்திருந்தது. நான் வாசலில் நின்று மாமி மாமி என்று அலறினேன். சாம்பசிவன் சார் சட்டை கூடப் போடாமல் வந்து பார்த்துவிட்டு, அப்படியே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் தேவானந்தத்தைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தார்.

டாக்டர் வந்ததும் வயிற்றைத் தொடவில்லை, முதலில் கேள்விதான் கேட்டார். வலி முதலில் எங்கே ஆரம்பித்தது, பிறகு எங்கே போனது, வலி முதலா வாந்தி முதலா, சாப்பாடு பிடித்ததா, வெளிக்குப் போனாளா, பேதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா, கடைசியாக வீட்டுக்குத் தூரமாகிக் குளித்தது எப்போது. நான் கர்ப்பம் டாக்டர் என்றேன், யார் பார்த்தது என்றார், நான் பார்த்தேன் என்றேன். அவர் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு வந்தார், வலது பக்கம் வந்ததும் அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். பியூலா அதே சத்தம் போட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அழுத்துவதைவிட எடுக்கும்போது வலித்தால் உள்ளே இருக்கிற ஜவ்வு வரைக்கும் புண் போய்விட்டது என்று அர்த்தமாம். அப்பெண்டிசைட்டிஸ் என்றார். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் மாதிரி ஒரு வால் எல்லாருக்கும் தொங்குகிறதாம், குடல்வால் என்று பேர், அதன் வாய் அடைத்துக்கொண்டால் வீங்கிப் பழுத்து வெடித்துவிடும், வெடிப்பதற்கு முன்னால் அறுத்து எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை. நான் ஒத்தடம் கொடுத்ததையும் கஞ்சி ஊற்றினதையும் சொன்னேன். சூடும் வைக்கக்கூடாது, வாய்வழியாக ஒன்றும் கொடுக்கவும் கூடாது, ஆபரேஷனுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், நல்லவேளை விளக்கெண்ணெய் கொடுக்காமல் விட்டீர்களே என்றார். அதைக் கர்ப்பம் என்று நினைத்துத்தான் கொடுக்கவில்லை, அந்த ஒன்று மட்டும் நான் செய்த பைத்தியத்தில் நல்லதாகப் போனது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, இந்த நிமிஷமே கிளம்புங்கள், வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்றார்.

ஸ்டேஷன் எதிரில் டாக்சி வைத்திருக்கிற ஜெயவேலுதான் வந்தான். ரயில்வே கேட்டு மூடியிருந்தது, கூட்ஸ் வண்டி ஊர்ந்துகொண்டு போனது, ஜெயவேலு இறங்கிப்போய், யோவ் உள்ளே பொம்பளை உசிருக்குக் கெடக்குது, தொறக்கிறியா நான் ஒடைக்கவா என்று கேட்டுக்காரனோடு சண்டை போட்டான். தண்டவாளத்தில் வண்டி ஏறி இறங்கினபோது ஒவ்வொரு குலுக்கலுக்கும் பியூலா என் கையை நகம் பதியப் பிடித்தாள். இன்னாம்மா இது, குலுங்குனாலே கத்துது, நான் முட்டை ஏத்திக்கினு போற மாதிரி போறேன், நீ அயுவாதே என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், வெள்ளை அணு ஏறிக் கிடக்கிறது என்றார்கள், நாலைந்து டாக்டர்கள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு லேடி டாக்டர் வந்து திரை போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, கர்ப்பம் எதுவும் இல்லை, யார் சொன்னது என்று கேட்டார். சுற்றிலும் ஜனங்கள். நான் வாய் திறக்கவில்லை. பியூலா திரைக்கு உள்ளேயிருந்து, நான்தான் டாக்டர், எனக்குத்தான் தெரியவில்லை என்று சொன்னாள். பல்லு கிட்டிக்கொண்டு கிடந்தவள், என்னைக் காப்பாற்றுவதற்கு அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். அப்போதும் நான் இல்லை டாக்டர் நான்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் அறுக்கிறது.

ஆபரேஷன் ரொம்ப நேரம் ஆனது. குடல்வால் உடைந்து அடிவயிறெல்லாம் சீழ், கழுவி எடுத்து, மீதி வடிவதற்கு ரப்பர் குழாய் வைத்துத் தைத்திருக்கிறோம் என்று பெரிய டாக்டர் சொன்னார். முதல் நாளே வந்திருந்தால் சின்னக் கீறல், வாரத்துக்குள் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வயசுப் பெண்களுக்கு இந்த வலியைக் கண்டுபிடிப்பது எங்களுக்கே கஷ்டம், கர்ப்பப்பைப் பக்கத்து நோவும் சிறுநீர்க் கல்லும் இதே இடத்தில்தான் வலிக்கும் என்று எனக்காகவே ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். உங்களுக்குக் கஷ்டம் டாக்டர், எனக்குக் கஷ்டமே இல்லை, அவள்தான் விரல் வைத்துக் காட்டினாளே என்று சொல்ல வந்தது, சொல்லவில்லை. கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தாற்போலவே படுக்க வைத்திருக்கிறார்கள், சீழ் மேலே ஏறாமல் கீழேயே தங்கி வடியவாம். மூக்கில் ஒரு குழாய், கையில் சலைன் பாட்டில், வேளைக்கு வேளை பென்சிலின் ஊசி, வாய்க்கு ஈரப் பஞ்சு மட்டும். குடல் மறுபடி வேலை செய்கிறது என்று தெரிய வாயு பிரிய வேண்டுமாம், டாக்டர்கள் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்கள், பியூலாவுக்கு வெட்கம். ஆயா ஒருத்தி தினமும், இன்னாமே உன் மருமவ, மகராணியாட்டம் அடக்கிக்கினு கீறா, ஒண்ணு வுடச் சொல்லு, உனக்குக் காப்பி நான் வாங்கியாரேன் என்பாள். ஒரு நாள் மத்தியானம் அது ஆனது, பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாரும் கை தட்டினார்கள், பியூலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்ததில் தையல் இழுத்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது நீராகாரம் கொடுக்கிறார்கள், குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துக்கொண்டு வருகிறார்கள், காய்ச்சல் நின்றிருக்கிறது.

சம்பந்தியம்மா ஞானஜோதி செங்கல்பட்டிலிருந்து தந்தி கண்டதும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன், திட்டினால் ஆறும் என்று இருந்தது. அவள் மகளுக்குத் தலை வாரிவிட்டு, உதட்டை நனைத்துவிட்டு, வெளியே வராந்தாவில் வந்து உட்கார்ந்து, என் பிள்ளை வலிக்குதுன்னு சொன்னப்போ யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம் என்றாள். யாராவது ஒருத்தர் என்றுதான் சொன்னாள். அந்த வீட்டில் என்னைத் தவிர யார் இருந்தார்கள்.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் காணிக்கையைப் போதகர் வாசித்துவிட்டார், காலஞ்சென்ற லாசரஸ் குடும்பத்தார், மருமகள் கர்ப்பவதியானதற்காக என்று. சாராள் அக்காவும் இன்னும் நாலு பேரும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலில் ஆஸ்பத்திரிக்கே வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார்கள். தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடக்கிறவள் தலைமாட்டில் பழத்தை அடுக்கி வைத்தார்கள். சும்மா பார்க்கத்தான் அட்மிட் பண்ணியிருக்காங்களா என்று சாராள் அக்கா கேட்டாள். நான் கொஞ்சம் சீக்குத்தான் என்று மழுப்பி அனுப்பிவிட்டேன். அவர்கள் போனதும் பியூலா கண்ணைத் திறக்காமல், மன்னிச்சுக்குங்க அத்தை, மாமா வரலை என்றாள்.  சாகக் கிடந்தவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், உன் அப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து தரவில்லை என்று. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன், குழாய் இழுபடுது எழுந்திரும்மா என்று நர்ஸ் அதட்டினாள்.

நேற்று நான் கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்ததும் ஸ்திரீகள் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். கர்ப்பம் இல்லை, அவள் சொல்லவும் இல்லை, நான்தான் சொன்னேன், வலிக்கிறது என்று அவள் சொன்னதை மறைத்தவளும் நான்தான், குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இனிமேல் யாரும் அவளிடம் விசேஷமா என்று கேட்காதீர்கள் என்றேன்.  ஒவ்வொருத்தியாக வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். சாராள் அக்கா மட்டும் வாசலில் என்னைப் பிடித்து, என் கைக்குத் தெரிஞ்சுது தபீதா, அந்த இடம் கல்லு மாதிரி இருந்துது, உன் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன் என்று அழுதாள். நான் ஒருத்தி சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் பார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், பியூலாவிடம் கேட்டு அவள் எழுதுங்கள் என்று சொன்னபிறகுதான் எழுதுகிறேன். சீழ் அடிவயிற்றில் தங்கினதால் பிள்ளை உண்டாவது தாமதம் ஆகலாம், ஆகாமலும் போகலாம், ஒரு குறையும் இல்லாமல் நல்லபடி ஆகவும் ஆகலாம், இப்போது யாராலும் சொல்ல முடியாது என்று லேடி டாக்டர் சொன்னார். எது எப்படி ஆனாலும் அது அவள் குற்றம் இல்லை. நீ யாரையாவது கோபிக்க வேண்டுமானால் எனக்குத் தனியாக எழுது, எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுது, நான் வாங்கிக்கொள்கிறேன், அவளுக்கு எழுதுகிற கடிதத்தில் அதைக் கலக்காதே. நீ சந்தோஷப்பட்டு அவளுக்கு எழுதின கடிதம் வந்தது, கொடுத்தேன், படித்துவிட்டுத் தலைகாணிக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளையைப் பற்றி ஒன்றும் இல்லாத கடிதம் ஒன்று அவளுக்கு உடனே எழுது. தையல் பிரித்ததும் சம்பந்தியம்மா செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போகிறாள், திரும்பத் தாம்பரத்துக்கு அனுப்ப எனக்கு மனசில்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவள் சொன்னது சரிதான். குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதே, அங்கே ஒரு அறை வாடகைக்குப் பார்த்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்தே அவளை உன்னோடு அழைத்துப் போய்விடு. என் ஒருத்தியைப் பார்த்து அவளை இங்கே விட்டுவைக்க வேண்டாம். மாமி பக்கத்தில் இருக்கிறாள், எனக்கு ஒன்றும் இல்லை.

அங்கே உனக்கோ உன் கூட இருக்கிற பையன்களுக்கோ தொப்புளைச் சுற்றி வலி கிளம்பி வலது பக்கம் இறங்கினால், பசி போய் வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால், எண்ணெய் தடவி உருவ விடாதே, பேதிக்குக் குடிக்காதே, ஒத்தடம் வைக்காதே, ஒன்றும் சாப்பிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. வலி நின்றுவிட்டது என்று பாதி வழியில் திரும்பாதே. மழை ஆரம்பித்தால் அந்தப் பழைய கம்பளியை எடுத்துப் போட்டுக்கொள்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். பியூலா லேசாக முகத்தைச் சுளித்து, அத்தை இங்கே வலிக்குது என்றாள். அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு என்னிடம் அந்த வார்த்தையை இப்போதுதான் சொல்கிறாள். நான் செருப்பைக் கூட மாட்டாமல் வராந்தாவில் ஓடி நர்ஸைக் கையோடு இழுத்துவந்தேன். நர்ஸ் போர்வையை விலக்கிப் பார்த்தால், பிளாஸ்திரி ஓரம் தோலோடு ஒட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இதுக்கா இந்த ஓட்டம், உங்க மருமகளுக்கு ஒண்ணுமில்லை, உங்களுக்குத்தான் வைத்தியம் பார்க்கணும் என்று திட்டிவிட்டுப் போனாள். பியூலா என்னைப் பார்த்தாள், கையை என் கைமேல் வைத்தாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ எனக்குத்தான் எழுதிக் கேட்பாய், நானும் ஏதாவது எழுதுவேன். இனிமேல் என்னைக் கேட்காதே தயாளா. அவளைக் கேள். அவள் என்ன சொல்கிறாளோ அதுதான்.

கர்த்தர் உங்கள் இரண்டு பேரையும் ஒருவரோடொருவர் பாதுகாத்து நடத்துவாராக. அவளுக்கு எழுதுவதை மறந்துவிடாதே, முதலில் அதை எழுதித் தபாலில் போட்டுவிட்டு அப்புறம் எனக்குப் பதில் எழுது.

முகம் காட்ட வெட்கப்படுகிற, உன் மேல் பிரியமுள்ள
அம்மா
தபீதாள்